சராசரி இருபத்துமூன்று

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பீப் அக்கா. பிள்ளைகள் வைத்தது. காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, “பீப்னு கேட்டா அமுக்கு, கேக்கலன்னா சும்மா இரு, பொய் சொல்லாத” என்பாள். நியமன உத்தரவில் ‘செவித்திறன் பரிசோதகர்’ என்று நீளமாக இருக்கிறதாம். அதை அவள் வாயால் முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. இந்தக் கதையில் முதல் தப்பு அவளுடையது, இரண்டாவது தப்பு என்னுடையது. ஆனாலும் நான்தான் எழுதுவேன். வேறு யாரையாவது எழுத விட்டால் அவளைத் தெய்வமாக்கி மாலை போட்டுவிடுவார்கள், இல்லையென்றால் அதிகப்பிரசங்கி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இரண்டும் அவளுக்குப் பிடிக்காது.

நான் ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு வகுப்பாசிரியை. பாடம் கணக்கு. இருபத்தாறு வருட சர்வீஸ். என் குரல் மைதானத்தின் அந்தப் பக்கம் வரை போகும் என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது.

பீப் அக்காவுக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. பக்கெட்டும் துடைப்பமும் இருந்த இடம். அதைக் காலி செய்து, சுவர் முழுக்கப் பஞ்சு அட்டை ஒட்டி, கதவுக்கு ரப்பர் வைத்து, உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டி மாதிரி சின்ன அறை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பதினோரு பள்ளிப் பிள்ளைகளும் அங்கேதான் வருவார்கள். இந்தப் படிப்புக்கு அவள் ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. கேட்டது கிடைக்காமல் இதில் விழுந்தவள். “காதைப் பாக்க நாலு வருஷப் படிப்பா? அதுல என்னடி இருக்கு, ரெண்டு ஓட்டைதானே” என்று அவள் அம்மா கேட்டாராம். கட்டிக்கொண்டவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். “அவர் ஊர்க் காதைக் கெடுப்பார், நான் பாத்துக் குடுப்பேன். ஒரே குடும்பத் தொழில்” என்று சொல்லிச் சிரிப்பாள். இரண்டு மகள்கள். அந்த வீட்டில் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். நான் ஒருமுறை போய்விட்டுத் தலைவலியோடு திரும்பினேன்.

அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லா வினையும் அதில்தான் இருந்தது.

காதைச் சோதித்தால் ஒரு வரைபடம் கிடைக்கும். இடது ஓரத்தில் கட்டைக் குரல் மாதிரியான தாழ்ந்த சுருதி, வலது ஓரத்தில் கீச்சென்ற உயர்ந்த சுருதி. ஒவ்வொரு சுருதியிலும் பிள்ளைக்கு எவ்வளவு சத்தம் வைத்தால் கேட்கிறது என்று புள்ளி வைப்பார்கள். எண் கூடக் கூடப் புள்ளி கீழே இறங்கும், கேட்பது குறைவு என்று அர்த்தம். ஆனால் பள்ளிக்கு அனுப்பும் படிவத்தில் வரைபடத்துக்கு இடம் கிடையாது. ஒரே ஒரு கட்டம். நடுவில் இருக்கும் மூன்று சுருதிகளைக் கூட்டி மூன்றால் வகுத்து அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். இருபத்தைந்துக்குள் வந்தால் ‘இயல்பு’. தினம் நாற்பது பிள்ளைகளுக்கு இதைக் கையால் எழுத முடியாமல் பீப் அக்கா ஒரு ரப்பர் முத்திரையே செய்து வைத்திருந்தாள். பதினான்கு வருடமாகக் குத்திக்கொண்டிருந்தாள். எல்லாப் பரிசோதகர்களும் அப்படித்தான் செய்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவாள். “புரிஞ்சுதா?” ஆட்டுவாள். “வீட்டுப் பாடம் செஞ்சியா?” ஆட்டுவாள். “நோட்டு எங்க?” அதற்கும் ஆட்டுவாள். வகுப்பே சிரிக்கும். தலையாட்டி என்று பெயர் வைத்தாயிற்று. வைத்தவள் நான்தான், இதில் பிள்ளைகள் மேல் பழி போட மாட்டேன். கணக்கில் நூற்றுக்குப் பதினொன்று, பன்னிரண்டு. “செவிடன் காதுல ஊதின சங்கு” என்று அவளைப் பார்த்து நான் வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்லியிருப்பேன்.

பள்ளிக்குப் பின்னால் இன்னொரு கட்டடம் உண்டு. தனிப்பிரிவு என்று பலகை. நாங்கள் பின்கட்டு என்போம். அங்கே கணக்கு என்றால் வாய்ப்பாடு வரைதான். அறிவியல் கிடையாது. உறை ஒட்டுவார்கள், படம் வரைவார்கள், மணி அடித்தால் போவார்கள். பத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள். உள்ளே போன பிள்ளை ஒன்றுகூட முன்கட்டுக்குத் திரும்பி வந்ததில்லை. யானை வாயில் போன கரும்புதான். அங்கே அனுப்ப மூன்று தாள் போதும்: வகுப்பாசிரியை பரிந்துரை, மதிப்பெண் பட்டியல், காது ‘இயல்பு’ என்ற சான்று. காதில் குறை இல்லை, ஆனாலும் படிக்கவில்லை என்றால் குறை மூளையில்தான் என்று கணக்கு. அந்தக் கணக்கை ஒரு கணக்கு டீச்சராக நான் ஒருநாளும் சரிபார்க்கவில்லை. தலையாட்டியை அனுப்பலாம் என்று முதல் கையெழுத்துப் போட்டேன்.

அவளுடைய போன வருடச் சான்று பழையதாகிவிட்டது, புதுப்பித்துத் தாருங்கள் என்று தாள் மாடிப்படி அறைக்குப் போனது. போன வருடம் எழுதிய எண் இருபத்துமூன்று. மறு முத்திரை குத்தினால் அரை நிமிட வேலை. பீப் அக்கா என்ன நினைத்தாளோ, அலமாரியிலிருந்து அந்தப் பெண்ணின் வரைபடத்தை எடுத்துப் பார்த்திருக்கிறாள். மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்துச் சோதித்திருக்கிறாள். அதே புள்ளிகள். மூன்று சுருதிகளில் பத்து, பதினைந்து, நாற்பத்தைந்து. கூட்டினால் எழுபது, மூன்றால் வகுத்தால் இருபத்துமூன்றும் சொச்சமும். கட்டத்துக்குள் வராத அடுத்த சுருதியில் அறுபத்தைந்து. அதற்கடுத்து எழுபது. கோடு மாடிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போனது.

மறுநாள் மூன்றாவது பீரியட் என் வகுப்புக்கு வந்தாள். கையில் சத்தம் அளக்கும் ஒரு கருவி.

“டீச்சர், கடைசி பெஞ்சில உக்காந்துக்கறேன். நீங்க பாடம் நடத்துங்க.”

“நீங்க என்ன இன்ஸ்பெக்ஷனா?”

“இல்ல டீச்சர். காது பாக்க வந்திருக்கேன்.”

“யார் காதை?”

“உங்க வகுப்போட காதை.”

எனக்குச் சுருக்கென்றது. வீம்புக்கு வழக்கத்தைவிடச் சத்தமாக நடத்தினேன். மின்விசிறி இரண்டு ஓடியது, ஒன்றுக்கு மூட்டுவலி, கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வராந்தாவில் உடற்பயிற்சி வகுப்புப் பிள்ளைகள் போனார்கள். நான் பலகையில் எழுதிக்கொண்டே, பலகையைப் பார்த்துக்கொண்டே, முப்பத்தைந்து நிமிடம் பேசினேன். மணி அடித்ததும் அவள் கருவியை நீட்டினாள்.

“இந்த ரூமோட இரைச்சல் அறுபத்திரண்டு டெசிபல். உங்க குரல் இங்க வந்து சேரும்போது அறுபத்துநாலு. ரெண்டே ரெண்டு டெசிபல்தான் வித்தியாசம்.”

“என் குரல் கேக்கலன்னு இந்த இருபத்தாறு வருஷத்துல ஒருத்தர் சொன்னதில்ல. அந்தப் பொண்ணுக்கு எது சொன்னாலும் செவிடன் காதுல ஊதின சங்குதான்.”

“சங்கு கேக்கும் டீச்சர்” என்றாள், கொஞ்சமும் அசராமல். “சங்கு தாழ்ந்த சுருதி. அது அவளுக்கு உங்க அளவுக்கு நல்லாவே கேக்கும். பஸ் வர்றது கேக்கும், பேர் சொல்லிக் கூப்பிட்டா கேக்கும், அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வரல. பேச்சுல சன்னமான சத்தம் இருக்கில்ல, ஸ, ச, த, க மாதிரி, அதெல்லாம் உதிர்ந்து போயிடும். பாதி வார்த்தை வருது, மீதியை அவளா ஊகிக்கிறா. ஊகிச்சு ஊகிச்சு சலிச்சுப்போய்த் தலையாட்டுறா.”

நான் டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தேன். 

அன்று மதியம் வகுப்பு காலியானதும் ஒரு சோதனை வைத்தாள். என்னையே வாசிக்கச் சொன்னாள். இருபது சின்னச் சின்ன வாக்கியம். விசிறியை நிறுத்தி, பக்கத்தில், முகத்தைப் பார்த்து நான் வாசிக்க, அந்தப் பெண் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது சரி. பிறகு வேறு இருபது வாக்கியம். விசிறி ஓட, அவள் வழக்கமான மூன்றாவது வரிசையில் உட்கார, நான் பலகைப் பக்கம் திரும்பி வாசித்தேன். ஏழு. அந்த ஏழையும் அவள் எவ்வளவு பாடுபட்டுச் சொன்னாள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நெற்றி வேர்த்திருந்தது. வருடம் முழுக்க இந்தப் பிள்ளை என் எதிரில் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது, அந்த அவமானம் கோபமாக மாற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வியாழக்கிழமை முடிவெடுக்கும் கூட்டம். தலைமையாசிரியை அறையில் ஐந்து பேர். தலைமையாசிரியை, மேலே இருந்து வந்த கல்வி அதிகாரி, நான், பீப் அக்கா, அந்தப் பெண்ணின் அம்மா. அம்மா தையல்காரர். எங்கள் பள்ளிச் சீருடையில் பாதி அவர் கையால் தைத்தது. வீட்டில் நன்றாகத்தான் கேட்கிறது என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அதிலும் பொய் இல்லை. ஒற்றை அறை வீடு, மெஷினுக்கு எதிரில் பெண் உட்கார்ந்து முகத்துக்கு முகம் பேசுகிறவள், கேட்காமல் என்ன செய்யும்?

பீப் அக்கா படிவத்தை மேசையில் வைத்தாள். கட்டம் காலி. அதன்மேல் வரைபடத்தை ஒட்டியிருந்தாள். இன்னொரு தாளில் என் வகுப்பறையின் இரைச்சல், இருபதுக்குப் பத்தொன்பது, இருபதுக்கு ஏழு. கீழே, என்ன செய்ய வேண்டும் என்று: காதுக் கருவி, விசிறியை விட்டுத் தள்ளி, முன் வரிசை, ஆசிரியை திரும்பி நின்று பேசக் கூடாது, முக்கியமான வார்த்தைகள் பலகையில்.

“ஏம்மா, இதுல நம்பர் எங்க?” என்றார் அதிகாரி.

“நம்பர் எழுத மாட்டேன் சார். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற கட்டம் அது.”

“இந்த வாசிப்புப் பரிசோதனை எல்லாம் சத்தம் இல்லாத அறையிலதான எடுக்கணும்? வகுப்புல எடுத்தா செல்லுமா?”

“அந்தப் பொண்ணு என் பெட்டிக்குள்ளயா சார் படிக்கிறா?”

தலைமையாசிரியை இருமினார். அதிகாரி கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். போன வருடத் தாளை எடுத்து, முத்திரையை விரலால் தட்டிக் காட்டினார். “இதைக் குத்தினது நீங்கதானே? போன வருஷம் இயல்பு, இந்த வருஷம் குறையா?”

“போன வருஷமும் குறைதான். நான் தப்பாக் குத்தினேன்.”

 அதிகாரி குரலை இறக்கினார். “அப்படி எழுதினா உங்க மேல விசாரணை வரும். எதுக்கு? இந்த ஒரு வருஷத்துல காது கேக்கறது குறைஞ்சிருக்குன்னு எழுதுங்க. குழந்தைங்களுக்குக் குறையறது சகஜம்தானே. பொண்ணு இதே வகுப்புல இருப்பா. கருவிக்கு நானே கையெழுத்துப் போடறேன். உங்களுக்கும் சேதாரம் இல்ல, எனக்கும் இல்ல.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்றிருந்தது. பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது. இதைவிட வேறென்ன வேண்டும்? தையல்கார அம்மா கை கூப்பிவிட்டார். “மேடம், சார் சொல்றபடியே எழுதிக் குடுத்துடுங்க மேடம். என் பொண்ணு பின்கட்டுக்குப் போகாம இருந்தாப் போதும்.”

பீப் அக்கா அவரைப் பார்த்துத்தான் பேசினாள், அதிகாரியைப் பார்த்து இல்லை.

“அக்கா, உங்க பொண்ணு எங்கயும் போக மாட்டா. அதுக்கு இந்த வரைபடமே போதும், நான் பொய் எழுதித்தான் அவளைக் காப்பாத்தணும்னு இல்ல. இந்த வருஷம்தான் குறைஞ்சுதுன்னு எழுதினா, போன வருஷ முத்திரை சரின்னு ஆயிடும். அது சரின்னா, பின்கட்டுல இருக்கிற பிள்ளைங்க முத்திரையும் சரின்னு ஆயிடும். நேத்து அந்தப் பத்தொன்பது பேர் ஃபைலையும், விட்டுப்போன பிள்ளைங்க ஃபைலையும் எடுத்துப் பாத்தேன். மூணு பேருக்கு இதே கோடு. இதே மாடிப்படி. மூணு பேருக்கும் நான்தான் குத்தியிருக்கேன்.”

“மூணு பேருக்காக உங்க வேலையைப் பணயம் வைக்கிறீங்களா?” என்றார் அதிகாரி.

“இப்ப வைக்கிறது என் வேலையைத்தான் சார். இத்தனை வருஷமா ஊரார் பிள்ளைங்களை இல்ல வெச்சிருந்தேன்.”

பேனாவை எடுத்தாள். காலிக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் எழுதினாள்: ‘கடந்த ஆண்டு நான் அளித்த சான்று தவறு. செவித்திறன் குறை அன்றும் இருந்தது.’ கையெழுத்து, தேதி. அதிகாரி என்னைப் பார்த்தார். “நீங்க என்ன டீச்சர் சொல்றீங்க? பரிந்துரை உங்களோடது.”

தலைமையாசிரியை எனக்குக் கண்ணைக் காட்டினார், பேசாமல் இருங்கள் என்று. என் ஓய்வுக்கு இன்னும் ஏழு வருடம்தான் பாக்கி. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. ஆனால் எனக்கு வாய் நீளம், அது அன்றைக்காவது ஒரு உபயோகத்துக்கு வரட்டுமே.

“என் பரிந்துரையும் தப்பு சார். அதைத் திருப்பிக் குடுங்க, நானும் கோடு போடறேன். இன்னொண்ணும் எழுதிக்குங்க. அந்தப் பொண்ணுக்குப் பட்டப் பேர் வெச்சது நான். அதையும் மினிட்ஸ்ல போடுங்க.”

மினிட்ஸில் போடவில்லை. ஆனால் அந்தப் பெண் என் வகுப்பிலேயே இருந்தாள். இரண்டு மாதத்தில் கருவி வந்தது. கூடவே என் கழுத்தில் மாட்ட ஒரு சின்ன மைக், நான் பேசுவது நேராக அவள் காதுக்குப் போகும். முதல் வாரம் அதை அணைக்க மறந்து ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டேன். தலைமையாசிரியையைப் பற்றி நான் சொன்ன அத்தனையும் வகுப்பில் இருந்த அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அவள் என்னிடம் வந்து, “மிஸ், நீங்க சொன்னது எனக்குத் தெளிவாக் கேட்டுது” என்றாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அரையாண்டில் கணக்கில் நாற்பத்தாறு. பெரிய மார்க் இல்லை. ஆனால் இப்போது புரியாவிட்டால் புரியவில்லை என்கிறாள், மூன்றாவது தடவையும் சொல்லவைக்கிறாள், சில நாள் எனக்கே எரிச்சல் வருகிறது.

பீப் அக்காவுக்கு மெமோ வந்தது. விசாரணை முடியும்வரை அவள் தனியாகச் சான்று கொடுக்கக் கூடாது, வேறொருவர் மேல்கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. பதினான்கு வருடம் கூட வேலை செய்த மற்ற பரிசோதகர்கள் அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள், அவரவர் அலமாரியைத் திறக்க வேண்டி வந்துவிட்டதே என்ற ஆத்திரம். அவள் எதற்கும் மசியவில்லை. மெமோவுக்குப் பதிலாக ஒரே வரி எழுதினாள்: ‘படிவத்தில் வரைபடத்துக்கு இடம் விடும்வரை கட்டத்தில் எண் எழுத மாட்டேன்.’ படிவம் இன்னும் மாறவில்லை. அவளும் இன்னும் எழுதவில்லை.

அந்த மூன்று பேரைத் தேடி அவள் வீடு வீடாகப் போனாள். நானும் கூடப் போனேன், கூப்பிடாமலே. முதல் பையன் பின்கட்டிலேயே இருந்தான், அவன் அப்பா உடனே முன்கட்டுக்கு மாற்ற ஒப்புக்கொண்டார். இரண்டாவது குடும்பம் வீடு மாறிப் போயிருந்தது, எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது ஒரு பெண். பின்கட்டில் இரண்டு வருடம் உறை ஒட்டிவிட்டு நின்றுவிட்டவள். இப்போது பதினாறு வயது, ஒரு சலவைக்கடையில் துணி மடிக்கிறாள்.

மூன்றாம் மாடி. சாயங்காலம். கதவைத் திறந்தவள் அந்தப் பெண்தான். உள்ளே அப்பாவும் அம்மாவும் அண்ணனும் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீப் அக்கா வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி நகர்ந்து நின்று, நிதானமாகச் சொன்னாள். உனக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று நான் எழுதிக் கொடுத்தேன், அது தப்பு, அதை வைத்துத்தான் உன்னைப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பெண், “அப்ப நான் மக்கு இல்லையா?” என்றாள்.

நான் அவசரமாக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பீப் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“உன் மூளையை நான் சோதிக்கல. யாருமே சோதிக்கல. காது சரியா இருக்கு, படிக்க மாட்டேங்குறா, அதனால மக்குன்னு முடிவு பண்ணாங்க. காது சரியா இல்ல.”

“அப்ப, நான் மக்குன்னு யாரும் கண்டுபிடிக்கல.”

“கண்டுபிடிக்கல. சும்மா சொன்னாங்க.”

அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. “இதை வாயால சொன்னா எங்க வீட்ல நம்ப மாட்டாங்க” என்றாள். “எழுதிக் குடுங்க. தேதி போட்டு.”

சான்று கொடுக்க பீப் அக்காவுக்கு அன்றைக்கு அதிகாரம் இல்லை. கதவின் மேல் தாளை வைத்து எழுதினாள், தன் பெயரை முழுசாகப் போட்டாள், கீழே பதவியையும் நீளமாக எழுதினாள். அந்தப் பெண் அதை வாங்கி நின்றபடியே படித்தாள். உள்ளே போனாள். டி.வி.யை நிறுத்தினாள். நடு அறையில் நின்று சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் அண்ணன் சிரித்தான். அவள் நிறுத்தி, அவன் சிரித்து முடிக்கும்வரை அவனையே பார்த்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.